சைக்கிள் பிடிப்பவர்

ராயபுரத்தில் அந்தப் பந்தயத்தை மூணு ரேசு என்பார்கள். நோட்டீசில் நீளமாக வேறு பெயர் இருக்கும். யாரும் அதைச் சொல்வதில்லை. படகில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மைல் தள்ளிக் கடலில் இறக்கிவிடுவார்கள். நீந்திக் கரைக்கு வர வேண்டும். கரையில் சைக்கிள் தயாராக இருக்கும். ஈர உடம்போடு ஏறி எண்ணூர் போய்த் திரும்ப வேண்டும். பிறகு திருவொற்றியூர் தேரடி வரை ஓடி, மறுபடி அதே கரைக்கு வந்து முடிக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த லட்சுமணன் என்பவர்தான் பந்தயம் நடத்துகிற மன்றத்தின் செயலாளர். வருடாவருடம் பிப்ரவரி முதல் ஞாயிறு.

ஒரு விதி மட்டும் விசித்திரமானது. முதல் வருடம், எல்லோரும் கடலில் இருந்தபோது, யாரோ வியாசர்பாடி லோகநாதனின் டயரில் குண்டூசி குத்திவிட்டார்கள். அடிதடியானது. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொருவரின் சைக்கிளையும் அவரவர் வீட்டு ஆள்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று லட்சுமணன் எழுதிவைத்தார். விண்ணப்பத்தில் 'சைக்கிள் பிடிப்பவர்' என்று ஒரு கோடு. அதில் பெயர் உள்ளவர் கையில் சைக்கிள் இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

"வூட்டு ஆளுதான்" என்று ஒலிபெருக்கியில் கத்துவார். "தோஸ்து, பக்கத்து வூடு, கூடப் பொறக்காத அண்ணன், இந்தக் கதையெல்லாம் நம்மாண்ட நடக்காது."

ஐரீன் முதலில் இறங்கியது 1969-இல். பதினைந்து வயது. முப்பத்து நான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். பதினொன்றாவதாக வந்தாள். அவளுடைய அக்கா ஃப்ளோரன்ஸ் சைக்கிள் பிடித்தாள். ஃப்ளோரன்ஸ் டீச்சர் வேலையில் சேர்ந்ததும் வாங்கிய லேடீஸ் சைக்கிள் அது. நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற வேலை. பி.ஏ. படித்தவன், கணக்கு தப்பாது என்று பந்தயத்தில் நேரம் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஃப்ளோரன்ஸை அங்கேதான் பார்த்தேன். அந்த டிசம்பரில் எங்களுக்குக் கல்யாணம். சைக்கிளும் அவளோடு என் வீட்டுக்கு வந்தது.

1970-இல் ஐரீன் ஐந்தாவது. அன்று ஃப்ளோரன்ஸ் கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். காலை ஏழு மணிக்குக் கண் கூசுகிற பச்சை.

"இது இன்னா கோலம்?" என்றேன்.

"உனுக்கு இல்ல. அவளுக்கு" என்றாள். "தண்ணிக்குள்ளேருந்து பாத்தா கரை ஒரு கோடு மாதிரிதான் தெரியும். எல்லாரும் வெள்ளைச் சட்டை. இந்தக் கலரு ஒண்ணுதான் தெரியும். அதைப் பாத்து நேரா வந்துடுவா."

"சைக்கிளைச் சுவத்துல சாத்திட்டு வந்து ஒரு டீ குடி."

"கைய எடுத்தா லட்சுமணன் ஆட்டத்தைக் கலைச்சிடுவாரு. நீ போய்க் குடி."

நான் போய்க் குடித்தேன்.

1971-இல் பிப்ரவரி முதல் ஞாயிறு ஏழாம் தேதி. ஆறாம் தேதி சனிக்கிழமை ஃப்ளோரன்ஸ் இறந்தாள். மஞ்சள் காமாலை. பதினோரு நாள். வயிற்றில் நான்கு மாதம். ஞாயிறு காலை காசிமேட்டுக் கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது கடற்கரையிலிருந்து லட்சுமணனின் குரல் கேட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. ஐரீன் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகான வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் வேலைக்குப் போனேன். கோதுமை மூட்டை, கந்தகம், உரம். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன். சட்டைப் பைக்கு மேல் கறுப்புத் துணித் துண்டு ஒன்றைக் குத்திக்கொண்டேன். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிக் குத்துவேன். எங்கள் தெருவில் ஒரு வருடம் அது இருக்க வேண்டும். இறந்தவருக்கு வருடப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெண்டாட்டி வீட்டுப் பெண் ஒருத்தி அதைக் கழற்றுவாள். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு மறுபடி பெண் பேசலாம்.

ஐரீன் மட்டும் நிற்கவில்லை. இறப்பு நடந்த நாற்பதாம் நாள், விடிகாலை ஐந்து மணிக்கு என் கதவைத் தட்டினாள்.

"மாமா, சைக்கிளு."

அவ்வளவுதான். நான் சைக்கிளை இறக்கிக் கொடுத்தேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனர் எடுத்தாள். சீட்டை இரண்டு விரல் உயர்த்தினாள். அக்காவைவிட அவள் உயரம். ஏறிப் போனாள். எட்டு மணிக்குத் திரும்பி வந்ததும் ஸ்பேனரை எடுத்து, சீட்டை இரண்டு விரல் இறக்கி, ஃப்ளோரன்ஸின் அளவில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் அப்படியே. மாலையில் டயரை அமுக்கிப் பார்த்துக் காற்று அடித்து வைப்பேன். நாலேமுக்காலுக்கு எழுந்து இரண்டு டம்ளர் டீ போடுவேன். அவள் நின்றபடியே குடிப்பாள். கதவு தட்டுகிற சத்தம், டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம், சங்கிலி சுற்றுகிற சத்தம். ஒரு நாளில் என் வீட்டில் கேட்கிற சத்தங்கள் இவைதான்.

ஆகஸ்டில் மாநில சைக்கிள் போட்டியில் பெண்களில் முதலாவதாக வந்தாள். அக்டோபரில் ஒரு மைல் நீச்சலிலும் முதல். பேப்பரில் மூன்று வரி வந்தது. அவள் அம்மா சிலுவையம்மாள் இரண்டு கோப்பைகளையும் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். துக்க வீட்டில் அது வெளியே தெரியக் கூடாது.

டிசம்பரில் லட்சுமணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். பம்பாயில் ரயில்வேக்குப் பெண்கள் சைக்கிள் அணி சேர்க்கிறார்கள். மூணு ரேசைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். அவர் கண்ணில் பட்டால் பம்பாயில் வேலை, ஹாஸ்டல், வருடம் முழுக்கப் பயிற்சி.

ஐரீன் விண்ணப்பத்தை என் வீட்டில் வைத்துத்தான் நிரப்பினாள். எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இன்னா?"

"அக்கா பேரை எழுதிட்டேன் மாமா. கை பழக்கம்."

சைக்கிள் பிடிப்பவர் என்ற கோட்டில் ஃப்ளோரன்ஸ் என்று இருந்தது. அவள் அதை ஒரே ஒரு கோடு போட்டு அடித்தாள். பெயர் அப்போதும் படிக்கும்படிதான் இருந்தது. பக்கத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்று என் பெயரை எழுதினாள்.

ஜனவரியில் சிலுவையம்மாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மீன் குழம்போடு வந்தாள். மாமனார் சவரிநாதனும் கூட வந்தார். அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. அத்தை உட்காரவில்லை.

"மாப்ளே, ஊரு இன்னா பேசிக்கினு கீதுன்னு உங்குளுக்குத் தெரியாது. விடியறதுக்குள்ள ஒரு வயசுப் பொண்ணு வந்து உங்க கதவைத் தட்டுது. நாளிக்கு இவளை எவன் கட்டுவான்?"

"சைக்கிளுக்கு வருது அத்தை."

"சைக்கிளுக்குத்தான் வருதுன்னு எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா? அதான் நானும் இவரும் யோசிச்சோம். நீங்களே கட்டிக்கினா வேற எவனும் வாயைத் தொறக்க மாட்டான். அவளும் அடங்குவா. உங்குளுக்கும் சோறாக்க ஒரு ஆளு. எத்தினி நாளு இப்டி டீயைக் குடிச்சிக்கினு கெடப்பீங்க?"

சவரிநாதன் தொண்டையைச் செருமினார். "வருசப் பூசை அன்னிக்கே வாசல்ல, ஃபாதர் முன்னாடி வார்த்தையைக் குடுத்துடலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகு வீட்டைப் பார்த்தேன். ஒரு பாய். ஆணியில் ஒரு சட்டை. இன்னொரு ஆளின் புடவை துணிக்கொடியில் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க நன்றாக இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் கோயில் ஆபீசுக்குப் போனேன். பிப்ரவரி ஆறு, 1972, ஞாயிறு. பூசை எழுதிக்கொள்கிறவர் கேட்டார்: "ஆறரையா, எட்டரையா, சாயங்காலமா?"

பந்தய நோட்டீஸ் என் சட்டைப் பையில், கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்தது. ஆறரைக்குக் கடலில் இறக்குகிறார்கள். ஏழு மணி சுமாருக்கு அவள் கரைக்கு வருவாள். மறந்துபோய்ச் சொன்னேன் என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை.

"ஆறரை" என்றேன்.

ஐரீன் அதன் பிறகும் தினம் வந்தாள். டீ குடித்தாள். பூசையைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பேசவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாம் தேதி சனிக்கிழமை மாலை அவளே பம்பை எடுத்து இரண்டு டயருக்கும் காற்று அடித்தாள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள். சீட்டை உயர்த்தி முடுக்கினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆறரைப் பூசை ஃபாதர் குடுத்ததா, நீங்க கேட்டதா மாமா?"

"நான் கேட்டதுதான்."

தலையை ஆட்டினாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"நாளிக்கு நான் போட்ல ஏறிடுவேன். அம்மாவுக்குத் தெரியாது. கரைக்கு வந்து பாப்பேன். சைக்கிள் இருந்தா ஏறுவேன். இல்லாங்காட்டி வூட்டுக்கு வந்து பொடவையைக் கட்டிக்கினு கோயில் வாசலுக்கு வரேன். உங்க மேல கோவம் இல்ல. நான் வேற யார் பேரை எழுதறது?"

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்படவில்லை. நான் இரண்டு டம்ளர் டீ போட்டிருந்தேன். ஒன்றைக் கொட்டினேன். வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டு கிளம்பினேன். சைக்கிளை வீட்டில் விட்டுப் பூட்ட மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தேன். கோயில் மதிலில் சாத்தினேன்.

முதல் பெஞ்சில் எனக்கும் மாமனாருக்கும் இடம். அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் அத்தை. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அத்தை வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஃபாதர் ஆரம்பத்திலேயே ஃப்ளோரன்ஸின் பெயரைச் சொன்னார். ஒரு வருடமாக யாரும் என் காதுபட அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முழங்காலில் நின்றேன், எழுந்தேன், உட்கார்ந்தேன்.

கைக்கடிகாரம் கல்யாணத்துக்குப் போட்டது. ஆறு ஐம்பத்திரண்டு. பிரசங்கம் ஆரம்பித்திருந்தது. ஐரீனுக்கு ஒரு மைல் முப்பத்தொரு நிமிடம். நான் எழுதிய கணக்கு. எண்ணுவது என் தொழில். நிறுத்த முடியவில்லை. இப்போது பாதி தாண்டியிருப்பாள். இப்போது கரையைத் தேடத் தொடங்கியிருப்பாள். கரை ஒரு கோடு. எல்லோரும் வெள்ளைச் சட்டை.

எழுந்தேன். மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். வின்ச் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை.

"எங்க மாப்ளே?"

"சைக்கிள் வெளியே இருக்கு மாமா."

அவர் என்னைப் பார்த்தார். பிடி உடனே விடவில்லை. பிறகு விட்டது. பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நடுவழியில் முட்டிபோட்டு எழுந்து வெளியே வந்தேன். ஃபாதரின் குரல் ஒரு வார்த்தை தடுமாறிப் பிறகு தொடர்ந்தது. அத்தையின் பக்கம் நான் பார்க்கவில்லை.

லேடீஸ் சைக்கிளில் ஏறி மிதித்தேன். சீட்டு எனக்கே உயரமாக இருந்தது. கடற்கரையில் நல்ல கூட்டம். சைக்கிள்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றையும் ஓர் ஆள் பிடித்துக்கொண்டு. கடைசி இடம் காலி. பக்கத்தில் லோகநாதனின் மனைவி வரலட்சுமி தன் புருஷன் சைக்கிளோடு நின்றாள்.

"இன்னாண்ணே, சட்டையில கருப்பு, கையில லேடீஸ் சைக்கிளு. பூசைக்குப் போறியா, ரேசுக்கு வந்தியா?"

"ரேசுக்கு."

"அப்ப சரி. இன்னும் எவனும் வரல. என் ஆளே வரல, பாத்துக்க."

லட்சுமணன் நோட்டோடு ஓடிவந்தார். என் முகத்தையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அடிக்கப்பட்ட பெயரில் ஒரு கணம் நின்றார். "ஸ்டானிஸ்லாஸ். வூட்டு ஆளு. கரெக்ட்டு" என்று டிக் அடித்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் தொப்பி வைத்த ஒருவர் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். பம்பாய்க்காரர்.

தலைகள் தெரிந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு. அன்று வடக்கே இழுப்பு இருந்தது. நாங்கள் நின்ற மணல் திட்டு ஐம்பதடிதான். அதற்கு வடக்கே அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருந்தார்கள். அங்கே போய்விட்டால் ஏற முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். லோகநாதன் நேராக வந்து ஏறினான். வரலட்சுமி சைக்கிளைத் தள்ளிக்கொடுத்து முதுகில் ஓர் அடி வைத்தாள். "மிதி நைனா!"

நாலாவதாக இருந்த தலை ஐரீன். வெள்ளை ரப்பர் தொப்பி. அவள் ஒதுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்ததைக் கவனித்தேன். பச்சை இல்லை. மூன்றாவது தடவை தூக்கிப் பார்த்தவள் அப்படியே மிதந்தாள். கை வீசவில்லை. அலை அவளைக் கற்கள் பக்கம் தள்ளியது.

நான் வரவில்லை என்று நினைத்துவிட்டாள்.

கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பிறகு சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினேன். கனம் கையை இழுத்தது. சங்கிலி எண்ணெய் சட்டையில் வழிந்தது. பின் சக்கரம் தானாகச் சுற்றியது.

"யோவ்! பிடின்னா பிடிக்கணும். தூக்கலாம்னு யார் சொன்னது?" லட்சுமணன் ஒலிபெருக்கியிலேயே கத்தினார்.

"தூக்கக் கூடாதுன்னு ரூல்ல கீதா?" என்றாள் வரலட்சுமி.

லட்சுமணன் நோட்டைப் புரட்டினார். கூட்டம் சிரித்தது. "இல்ல" என்றார். "தூக்கு, தூக்கு. நல்லாத் தூக்கு."

தண்ணீரில் அந்தத் தலை இன்னொரு தடவை உயர்ந்தது. அங்கேயே நின்றது. பிறகு கை விழுந்தது, அடுத்த கை விழுந்தது. குறுக்காக, இழுப்பை வெட்டிக்கொண்டு வந்தாள். அந்த வீச்சை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆறாவதாக மணலில் கால் வைத்தாள். ஓடிவந்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் சைக்கிளை இறக்குவதற்குள் ஹேண்டில் பாரைப் பிடித்துவிட்டாள். எங்கள் கைகள் ஒரே கம்பியில் இருந்தன.

"பூசை முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. போ."

போனாள்.

எண்ணூரிலிருந்து திரும்பும்போது நாலாவது. சைக்கிளை என் கையில் போட்டுவிட்டு ஓடினாள். தேரடியிலிருந்து வரும்போது மூன்றாவது. அவளுக்கு முன்னால் லோகநாதனும் மணலியிலிருந்து வந்த ஒருவனும். இரண்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம். பைனாகுலர்க்காரர் எழுந்துபோய் லட்சுமணனிடம் அவள் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். ஐரீன் மணலில் படுத்திருந்தாள். வரலட்சுமி அவள் வாயில் சோடாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். "மூணாவதா வந்துட்டு இப்டிப் படுத்துக்கினா முதல்ல வந்தவன் எங்க படுப்பான்? எந்திரி."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் முடிந்துவிட்டது, விடலாம் என்று யாரோ சொன்ன பிறகுதான் கை எடுத்தேன்.

திரும்பிப் போனபோது கோயில் வாசலில் யாரும் இல்லை. அத்தை ஒன்பது மாதம் என்னோடு பேசவில்லை. ஐரீனை அன்று அடித்தாள் என்று கேள்விப்பட்டேன். மார்ச் கடைசியில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. மகளுக்காகப் பெட்டி வாங்கி வந்தவர் சவரிநாதன்தான்.

ஏப்ரலில் சென்ட்ரலில் பம்பாய் மெயில். மாமனார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். ஐரீன் ஜன்னலுக்கு உள்ளே, நான் பிளாட்பாரத்தில். அவள் என் சட்டையைப் பார்த்தாள்.

"இன்னும் கீதா இது?"

"எடுக்க ஆள் இல்ல."

"அம்மா எடுக்க மாட்டாங்க." ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். "நானும் அந்த வூட்டுப் பொண்ணுதானே. எடுக்கட்டுமா?"

நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். அவள் ஊசியைக் கழற்றித் துணியை எடுத்தாள். ஊசியை என்னிடம் கொடுத்தாள். துணியைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் பெயர் பேப்பரில் அடிக்கடி வருகிறது. மூன்று வரி ஆறு வரியானது. போன வருடம் படம் போட்டிருந்தார்கள். ரயில்வே கொடுத்த புதுச் சைக்கிளோடு நிற்கிறாள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், யார் என்று தெரியவில்லை.

பழைய சைக்கிள் என்னிடம் இருக்கிறது. பந்தயத்தன்று நான் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது. அதன் பிறகு அவள் ஸ்பேனரோடு வரவில்லை. சீட்டு இரண்டு விரல் உயரமாகவே நின்றுவிட்டது. ஸ்பேனர் என்னிடமும் ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, நட்டைத் தளர்த்தி, பழைய அளவுக்கு இறக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். திரும்ப உயர்த்தி முடுக்கினேன்.

நாலேமுக்காலுக்கு விழிப்பு வருகிறது. ஒரு டம்ளர்தான் போடுகிறேன்.